புயல் ஆயத்தப் பட்டியல்: பேரூராட்சி வேலை எது, தாசில்தார் வேலை எது?

வார்டு_7:
டெல்டா கடலோரப் பேரூராட்சி, 15 வார்டு. பருவமழை ஆயத்தக் கூட்டத்துக்குப் பட்டியல் கேட்கிறார்கள். “மீட்புப் பணி” என்று ஒரே வரியில் முடித்தால் திரும்பி வந்துவிடும். கையில் இருப்பது வாடகை ஜேசிபி ஒன்று, மரம் அறுக்கும் மெஷின் இரண்டு, 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி நான்கு. எதை எழுதுவது?

கிராமக்_கணக்கு:
ஆட்களை வெளியேற்றும் உத்தரவு உங்களுடையது இல்லை. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் கலெக்டர். அவருக்குக் கீழே தாசில்தார், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), வி.ஏ.ஓ. முகாம் திறப்பதும் சாப்பாடும் அந்தப் பக்கம். முகாமுக்குத் தண்ணீர், கழிப்பறை, விளக்கு, குப்பை எல்லாம் உங்கள் செயல் அலுவலர் தலையில்.

“பள்ளிக்கூடம் - 500 பேர்” என்று குத்துமதிப்பாக எழுதாதீர்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் குறைந்தபட்ச அளவு ஆளுக்கு 3.5 சதுர மீட்டர். 20க்கு 20 அடி வகுப்பறையில் பத்துப் பேர்தான் கணக்கு. ஒரு ராத்திரிக்கு இருபது பேர் நெருக்கிப் படுக்கலாம். அதைத் தாண்டினால் காற்று அடங்குவதற்குள் பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். குடிநீர் ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டர், 30 பேருக்கு ஒரு கழிப்பறை. கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை இரண்டு போன் எண்ணோடு எழுதுங்கள்.

மூணு_பேஸ்:
மரத்தைவிடத் தண்ணீர்தான் முதலில் காலை வாரும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறிய பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. போர்வெல் மோட்டார் ஓடவில்லை என்றால் நான்கு தொட்டியும் வெறும் காங்கிரீட். புயலுக்கு முந்தின நாளே நிரப்பி வால்வை மூடிவிடுங்கள்.

ஜெனரேட்டர் வாடகைக்கு இப்போதே பேசுங்கள். 10 ஹெச்.பி. மோட்டாரை நேரடியாக ஸ்டார்ட் செய்தால் ஓடும்போது இழுப்பதைப் போல ஆறு மடங்கு ஆம்பியர் இழுக்கும். 10 கே.வி.ஏ. ஜெனரேட்டர் அங்கேயே மூச்சுத் திணறும். 25 இருந்தால் நிம்மதி. ஈ.பி. லைனையும் ஜெனரேட்டரையும் ஒரே நேரத்தில் சேரவிடாத சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைக்கவே கூடாது. மோட்டார் சத்தம் வருது, தண்ணீர் மட்டும் சொட்டுது என்றால் மூன்று பேஸ் வயர்களின் வரிசை மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. நிறுத்திவிட்டு மூன்றில் ஏதாவது இரண்டு வயரை மாற்றிப் போடுங்கள். இது தெரியாமல் மோட்டாரையே மேலே தூக்குகிறவர்கள் உண்டு.

வார்டு_7:
பிளீச்சிங் பவுடர் எவ்வளவு வாங்குவது? மரம் வெட்ட இரண்டு மெஷின் போதுமா?

மூணு_பேஸ்:
25 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம் போட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம். 30,000 லிட்டருக்கு 120 கிராம், வெள்ளத் தண்ணீர் கலந்திருந்தால் இரட்டிப்பு. வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் விடணும். கடைசித் தெருக் குழாயில் குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப்பில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் காட்டணும். போன வருஷத்து வாய் திறந்த மூட்டையை நம்பாதீர்கள், ஈரம் பட்டுச் சத்து போயிருக்கும்.

அரிவாள்:
மெஷின் இரண்டு போதும், செயின் போதாது. தென்னை நார் செயினைச் சீக்கிரம் மழுக்கும். மெஷினுக்கு மூன்று உபரிச் செயின், அரம், பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில், செயின் ஆயில் எழுதுங்கள். கம்பி மேல் விழுந்த மரத்தை ஈ.பி. ஆள் எல்.சி. (லைனில் கரண்டை நிறுத்தியதற்கான அனுமதி) வாங்கித் தராமல் தொடக் கூடாது. ஊரே இருட்டாக இருந்தாலும் எவர் வீட்டு ஜெனரேட்டராவது கம்பியில் ஏற்றிக்கொண்டிருக்கலாம். வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்ததும் வேர்க்கட்டி பழையபடி குழிக்குள் எழுந்து உட்காரும். அந்தப் பக்கம் யாரையும் நிற்க விடாதீர்கள்.

ஜேசிபியைப் பேரூராட்சி வாசலில் நிறுத்தாதீர்கள். ஆஸ்பத்திரி ரோட்டில், மரத்தடியும் கம்பமும் இல்லாத இடத்தில், டேங்க் நிறைய டீசலோடு, டிரைவர் பக்கத்திலேயே தங்கும்படி நிற்கட்டும். டவர் பேட்டரி தீர்ந்தால் போனும் போகும். அதற்குள் உங்கள் நிலவரத்தை மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு, 1077க்குச் சொல்லிவிடுங்கள்.