அடையாறு பக்கம் இரண்டு மாதத்துக்கு மட்டும் வீடு கிடைக்குமா? (அப்பாவின் கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக)

கேள்வி: தென்காசிக்காரன்

வணக்கம். என் அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று உறுதியாகி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுப்பதாக முடிவாகியிருக்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 35 சிட்டிங், ஆக மொத்தம் ஏழு வாரம் ஆகும் என்று மருத்துவர் சொன்னார். லாட்ஜில் தங்கினால் கஞ்சி காய்ச்சக்கூட வழியிருக்காது என்பதால், அப்பா, அம்மா, நான் மூவரும் தங்கும்படி சமையலறையுள்ள ஒரு சின்ன வீட்டைத் தேடுகிறோம். பேசிய தரகர்கள் எல்லோரும் 11 மாத ஒப்பந்தம் என்றால்தான் மேற்கொண்டு பேசுகிறார்கள். ஒரு வீட்டுக்காரர் இரண்டு மாதத்துக்குச் சம்மதித்தாலும் ஐந்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார். அதைக் கொடுக்கலாமா? நோயைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லதா, வீடு கிடைத்த பிறகு சொல்லலாமா? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஆரணி வாசகர்

என் அண்ணனுக்கு இதே சிகிச்சை நடந்தபோது நான்தான் உடன் இருந்தேன். முதலில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த மருத்துவமனைக்குக் காந்தி நகரில் ஒரு வளாகமும் சர்தார் படேல் சாலையில் இன்னொரு வளாகமும் உண்டு. அப்பாவுக்குத் தினசரி சிகிச்சை எந்த வளாகத்தில் என்று உறுதியான பிறகுதான் தெருவையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதேபோல, ஸ்கேன் எடுத்து, தலை அசையாமல் பிடித்து வைக்க முகத்துக்கு அச்சு எடுத்து, திட்டம் போட்டு முடிக்கச் சில நாள்கள் ஆகும் என்பதால், முதல் சிட்டிங் தேதி கையில் வராமல் வாடகைக் கணக்கைத் தொடங்க வேண்டாம். அதுவரை லாட்ஜே போதும்.

முடியும் தேதியை யாரும் சத்தியம் செய்து சொல்ல முடியாது. இயந்திரப் பராமரிப்பு, அரசு விடுமுறை, கூடவே கீமோ கொடுத்தால் ரத்த அணுக்கள் குறைவது என்று ஏதோ ஒன்று வந்து ஏழு வாரம் ஒன்பது வாரமாகிவிடும். ஆகையால் வீட்டுக்காரரிடம் இரண்டு மாதம் என்று மட்டும் பேசாமல், அதற்குப் பிறகு வாரக் கணக்கில் நீட்டித்துக்கொள்ளலாம், அந்த வாரங்களுக்கு இதே விகிதத்தில் வாடகை என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாடகையில் ஆயிரம் ரூபாய் குறைப்பதைவிட இந்த ஒரு வரிக்காகப் பேரம் பேசுவதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

சமையலறை விஷயத்தில் நீங்கள் எடுத்த முடிவு மிகவும் சரி. இரண்டு, மூன்று வாரம் போனதும் வாயும் தொண்டையும் புண்ணாகி, காரம் ஆகாது, கட்டியாக எதையும் விழுங்க முடியாது. குழைத்த சாதத்தைக்கூட மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றித்தான் அண்ணனுக்குக் கொடுத்தோம். எனவே மிக்ஸியும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள். வீட்டில் சிலிண்டர் இல்லாவிட்டாலும், அடையாள அட்டையைக் காட்டி வாங்கும் 5 கிலோ சிலிண்டர் கிடைக்கிறது. லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி வேண்டவே வேண்டாம். ஐந்தாவது வாரத்தில் அந்தப் படிகள் மலையாகத் தெரியும்.

மறுமொழி 2: இந்திரா நகர் வீட்டுக்காரி

தம்பி, எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியை இப்படிச் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்குத்தான் விடுகிறோம் என்பதால் எங்கள் பக்க நியாயத்தையும் சொல்கிறேன். அட்வான்ஸைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, எழுத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைதான் உச்சவரம்பு. ஐந்து மாதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சட்டம் பேசிப் பயனில்லை. இரண்டு மாதமே தங்குகிறவரிடம் ஒரு மாத அட்வான்ஸும், வாடகையை மாதத் தொடக்கத்திலேயே கொடுப்பதும் போதுமானது என்பது என் கருத்து. காலி செய்யும் நாளிலேயே அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஊருக்குப் போனபின் போனில் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நோயை மறைக்க வேண்டாம். கதிர்வீச்சு என்றதும் சிலர் மிரளுகிறார்கள். வெளியிலிருந்து இயந்திரத்தால் கொடுக்கப்படும் கதிர் நோயாளியின் உடம்பில் தங்குவதுமில்லை, அடுத்தவருக்குப் பரவுவதுமில்லை என்று பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் முகம் சுளிக்கிறவரின் வீட்டில் இரண்டு மாதம் காலம் தள்ளுவது உங்கள் அம்மாவுக்குத்தான் கஷ்டம். பெரும்பாலான வீட்டுக்காரர்களின் உண்மையான தயக்கம் வேறு: ஊரிலிருந்து பார்க்க வரும் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் ஹாலில் படுத்துக்கொள்வார்களோ என்பதும் தண்ணீர் லாரிச் செலவு எகிறுமோ என்பதும்தான். மூன்று பேர்தான் தங்குவோம் என்று நீங்களாகவே சொல்லிவிட்டால் பாதிப் பேச்சு முடிந்தது. ஆதார் நகலையும் மருத்துவமனை அட்டையின் நகலையும் கையோடு கொண்டுவாருங்கள்.

இன்னொன்று, கரண்ட் பில். கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் அது உங்கள் தேதிகளோடு ஒத்துப்போகாது. குடியேறும் நாளிலும் கிளம்பும் நாளிலும் மீட்டரைப் படம் எடுத்து, யூனிட்டுக்கு என்ன கணக்கு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுவதால், ஏசி உள்ள வீட்டில் கடைசி நாள் சண்டை பெரும்பாலும் இதில்தான் வருகிறது.

மறுமொழி 3: வேளச்சேரிவாசி

வேளச்சேரியிலோ மடிப்பாக்கத்திலோ பார்த்தால் இதே வாடகைக்கு இரண்டு படுக்கையறை கிடைக்கும். பறக்கும் ரயிலில் ஏறினால் கஸ்தூரிபாய் நகரில் இறங்கிவிடலாமே?

தென்காசிக்காரன்

அனைவருக்கும் நன்றி. மருத்துவமனையில் விசாரித்தேன், காந்தி நகர் வளாகம்தான் என்றார்கள். வேளச்சேரி யோசனை பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்? ஒருவர் வாட்ஸாப்பில் வீட்டின் படங்களை அனுப்பி, டோக்கன் அட்வான்ஸ் போட்டால் பிடித்து வைப்பதாகவும் சொல்கிறார்.

மறுமொழி 4: ஆரணி வாசகர்

பறக்கும் ரயில் உங்களுக்கு உதவும், அப்பாவுக்கு உதவாது. அந்த நிலையங்களில் ஏறி இறங்கும் உயரத்தை ஒருமுறை நேரில் பார்த்தால் புரியும். மெட்ரோ வேலை நடக்கும் அடையாற்றுச் சாலைகளில் காலை நேரத்தில் ஆட்டோ ஊர்ந்துதான் போகும் என்பதால், படுக்கையறை ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை, காந்தி நகரிலோ கஸ்தூரிபாய் நகரிலோ பாருங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மாடியைப் பூட்டி வைத்திருக்கும் முதியவர்கள் அங்கே கணிசமாக உண்டு. அவர்கள் இணையத்தில் விளம்பரம் கொடுப்பதில்லை. மருந்துக் கடையிலும் இஸ்திரி போடுகிறவரிடமும் அடுக்குமாடி வாட்ச்மேனிடமும் சொல்லி வையுங்கள், எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது. தரகர் மூலம் போனால், ஒரு மாத வாடகைத் தரகு என்பது 11 மாதம் தங்குகிறவருக்கான கணக்கு, இரண்டு மாதத்துக்குப் பாதி போதும் என்று கறாராகப் பேசுங்கள்.

படத்தை மட்டும் பார்த்து டோக்கன் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். ஸ்கேனுக்காக எப்படியும் சென்னை வரத்தானே போகிறீர்கள், அன்று பிற்பகலில் நேரில் போய்க் குழாயைத் திறந்து, குளியலறை வழுக்குகிறதா, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.