மறுமொழி: ‘ஃப்ளிப்’ செய்த மங்காவுக்குத் தமிழில் என்ன சொல்?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்து எழுத இன்றுதான் நேரம் வாய்த்தது. மடல்கள் நிறைய வந்துவிட்டதால், தொடங்கிய நண்பரின் கேள்வியை மறுபடி மேலே வைக்கிறேன்.

> டிராகன் பால் தொடரின் தொடக்ககால வெளிநாட்டுப் பதிப்புகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். சில நாடுகளில் ‘ஃப்ளிப்’ செய்து வெளியிட்டார்கள், சில நாடுகளில் அப்படியே விட்டார்கள். இதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும்.

இதுவரை வந்த பரிந்துரைகள் நான்கு: புரட்டு, தலைகீழாக்கம், பிரதிபலிப்பு, ஆடிப்பதிப்பு. ‘ஃப்ளிப்’ என்றே விட்டுவிடலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். சொல்லைத் தேடுவதற்கு முன் அந்தப் பக்கத்துக்கு என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். மங்கா எனும் ஜப்பானியப் படக்கதைகளைப் படிக்காதவர்களும் குழுமத்தில் இருக்கிறார்கள்; டிராகன் பாலும் அப்படி ஒரு படக்கதைத் தொடர்தான்.

ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக இறங்கும். வரிகள் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக நகரும். அதனால் புத்தகமே நமக்குப் பின்னட்டையாகத் தெரியும் பக்கத்திலிருந்து திறக்கிறது. படக்கட்டங்களும் அதே வழியில் ஓடுகின்றன. ஒரே கட்டத்தில் இரண்டு பேர் பேசினால் முதலில் பேசுகிறவர் வலப்பக்கம் நிற்பார், பதில் சொல்பவர் இடப்பக்கம். இந்தப் படத்தில் வெறும் எழுத்தை மட்டும் ஆங்கிலமாக்கி, இடமிருந்து வலமாகப் படிக்கிறவர் கையில் கொடுத்தால் பதில் முதலில் வந்துவிடும், கேள்வி பிறகு வரும். இதைச் சரிசெய்யத்தான் பக்கத்தை அப்படியே கண்ணாடியில் காட்டியதுபோல மாற்றி அச்சிட்டார்கள். வலம் இடமாகும், இடம் வலமாகும். மேலும் கீழும் அப்படியே இருக்கும்.

இது புரிந்துவிட்டால் ‘தலைகீழாக்கம்’ தானாகவே விலகிவிடுகிறது. இங்கே யாருடைய தலையும் கீழே போகவில்லை.

‘புரட்டு’ தந்த ஐயா என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தைப் புரட்டுகிறோம், தோசையைப் புரட்டிப் போடுகிறோம். அந்த வகையில் சொல் நன்றாகத்தான் பொருந்துகிறது. ஆனால் பெயர்ச்சொல்லாக நிற்கும்போது புரட்டு என்றால் பொய், ஏமாற்று. ‘புரட்டுப் பதிப்பு’ என்று எழுதினால், படிக்கிறவர் கள்ளப் பதிப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்தப் பழி, பக்கத்தைத் திருப்பி அச்சிட்டவர்களுக்கு நியாயமல்ல. 1976இல் தோக்கியோவில் சில தன்னார்வலர்கள் ‘புராஜெக்ட் கென்’ என்று ஒரு குழு அமைத்தார்கள். ஆறு வயதில் ஹிரோஷிமா குண்டுவீச்சில் தப்பிய நகசாவா கெய்ஜி 1973இல் தொடங்கிய ‘வெறுங்கால் கென்’ தொடரை உலகம் படிக்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். ஆங்கிலத்தின் முதல் தொகுதி 1978இல் வந்தது. 1982இல் ஜெர்மனிலும், அப்புறம் எஸ்பெராந்தோ என்ற செயற்கை மொழியிலும்கூட வந்தது. நீண்ட மங்கா ஒன்று மேற்கு மொழிகளுக்குப் போனதில் அதுதான் மிக முந்திய முயற்சிகளில் ஒன்று. மங்கா என்ற பேரையே கேட்டிராத வாசகருக்காக அவர்கள் பக்கங்களை வலமிடமாகத் திருப்பினார்கள். அணுகுண்டின் கதையைச் சொல்ல வந்தவர்கள், வாசகன் முதல் பக்கத்திலேயே தடுமாறிப் புத்தகத்தை மூடிவிடக் கூடாது என்று நினைத்தது சரிதான். அதற்கு நாம் வைக்கும் பெயரில் ‘ஏமாற்று’ என்ற நிழல் விழக் கூடாது.

அதற்காக, திருப்பியதில் ஒன்றும் கெடவில்லை என்றும் சொல்ல மாட்டேன். இதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

என்னிடம் ‘தனி ஓநாயும் குட்டியும்’ தொடரின் ஆங்கிலத் தொகுதி ஒன்று இருக்கிறது. கொய்கே கசுவோ கதை எழுத, கொஜிமா கோசெகி வரைந்தது. 1970 முதல் 1976 வரை ஓடிய தொடர். அமெரிக்காவில் 1987இல் ஃபர்ஸ்ட் காமிக்ஸ், ஃபிராங்க் மில்லர் அட்டைப்படத்தோடு வெளியிடத் தொடங்கி, பாதியிலேயே நின்றது. பிறகு டார்க் ஹார்ஸ் 2000 தொடங்கி 2002க்குள் 28 தொகுதிகளையும் கொண்டுவந்தது. இரண்டுமே திருப்பிய பதிப்புகள். என்னிடம் இருப்பது டார்க் ஹார்ஸ் தொகுதி.

நேற்று இரவு அதை எடுத்துக்கொண்டு பீரோக் கண்ணாடி முன் நின்றேன். புத்தகத்தில் நாயகன் ஒகாமி இத்தோவின் வாள் வல இடுப்பில் தொங்குகிறது, உருவுவது இடக்கை. சாமுராய்கள் வாளை இட இடுப்பில் செருகி வலக்கையால் உருவினார்கள். அவனுக்கு இருந்த தேர்ச்சியெல்லாம் அந்தக் கைக்குத்தான். கண்ணாடியில் பார்த்தால் வாள் தன் இடத்துக்குப் போய்விட்டது. அப்புறம் கழுத்தருகே பார்த்தேன். கிமோனோவில் இடமடிப்பு வலமடிப்பின்மேல் வர வேண்டும். மாறி, வலமடிப்பு மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. ஜப்பானியர் அதற்கு ‘ஹிதாரிமாயே’ என்பார்கள்; ஒரு குடும்பமோ தொழிலோ நொடித்துப்போனாலும் அதே சொல்லைத்தான் சொல்வார்கள். கோயிலை வலம் வந்து, சாவுச் சடங்கில் இடமாகச் சுற்றும் நமக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. அந்தத் தொகுதி முழுக்க நடமாடும் எல்லா மனிதர்களும், குழந்தை தைகொரோ உட்பட, பிணத்தின் மடிப்போடு நடக்கிறார்கள். கண்ணாடியில் பார்த்தபோதுதான் உயிருள்ளவர்களாக உடுத்தியிருந்தார்கள். ஆங்கில எழுத்து மட்டும்தான் அங்கே படிக்க முடியாமல் போயிற்று.

அந்தக் கணத்தில்தான் எனக்குச் சொல் கிடைத்தது. பள்ளியில் சமதள ஆடியைப் பற்றிப் படித்த பாடம் நினைவிருக்கிறதா? ஆடியில் தெரியும் பிம்பம் இடவல மாற்றம் அடைந்திருக்கும் என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஆம்புலன்ஸின் முகப்பில் எழுத்தைத் திருப்பி எழுதுவது ஏன் என்ற கேள்விகூட அதையொட்டித்தான் வரும். நாம் தேடும் செயல் இதுவேதான், இம்மியும் பிசகாமல். புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டாம். எட்டாம் வகுப்பு முடித்தவருக்குத் தெரிந்த சொல்லையே அச்சுக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

“1988இல் எபிக் காமிக்ஸ் ‘அகிரா’வை இடவலம் மாற்றி, வண்ணமும் சேர்த்து வெளியிட்டது.”
“இடவல மாற்றத்தில் ஓசைச்சொற்களை அழித்துவிட்டுப் புதிதாக வரைய வேண்டியிருந்தது.”

இடறவில்லை. வினையாகவும் வருகிறது, பெயராகவும் வருகிறது. இரண்டாம் வாக்கியத்தில் சொன்னதை விளக்கிவிடுகிறேன். மங்காவில் ‘தடால்’, ‘சர்ர்’ போன்ற ஓசைகள் படத்தோடு படமாகத் தூரிகையில் எழுதப்பட்டிருக்கும். பக்கத்தைத் திருப்பினால் அவையும் திரும்பிவிடும். ஒவ்வொன்றையும் அழித்து, அழித்த இடத்தில் படத்தை ஒட்டுப்போட்டு, மேலே புது எழுத்து வரைய வேண்டும். டிராகன் பாலில் நாயகன் கோகுவின் சட்டையில் வட்டத்துக்குள் ‘ஆமை’ என்ற கன்ஜி எழுத்து இருக்கிறதல்லவா, அது இருபுறமும் ஒத்த எழுத்தல்ல. திருப்பினால் அதுவும் இடவலம் மாறிவிடும். அவன் அந்தச் சட்டையோடு எத்தனை கட்டங்களில் வருகிறான் என்று எண்ணிப் பாருங்கள்.

‘ஆடிப்பதிப்பு’ சொன்ன அம்மாவின் சொல்லும் இதே ஆடியிலிருந்து வந்ததுதான், அழகான சொல். ஆனால் ஆடி மலர், தீபாவளி மலர் என்று வாங்கிப் பழகிய கண் அதை ஆடி மாதத்து இதழ் என்றே படிக்கும். ‘பிரதிபலிப்பு’ இப்போது “மக்களின் உணர்வைப் பிரதிபலிக்கிறது” என்ற பொருளுக்கு முழுதாகப் போய்விட்டது. திரும்பக் கொண்டுவருவது கடினம். ‘ஃப்ளிப்’ என்றே வைக்கலாம் என்ற நண்பருக்கு ஒன்று: ஆங்கிலத்திலேயே அது சரியாக அமைந்த சொல் அல்ல. படத்தை இடவலமாகத் திருப்புவதற்கு அச்சுத்தொழிலில் ‘ஃப்ளாப்’ என்றார்கள். காமிக்ஸ் வாசகர்கள் இரண்டையும் கலந்தே புழங்குகிறார்கள். அவர்களே குழப்பிக்கொண்ட சொல்லை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

இனி, எனக்கு முக்கியமாகப்படும் இடம். ‘அன்ஃப்ளிப்டு’ என்பதற்கு என்ன செய்வது? ‘இடவலம் மாற்றாத பதிப்பு’ என்று எழுதலாம், தவறில்லை. ஆனால் அந்த எதிர்மறையில் ஒரு கோணல் இருக்கிறது. மாற்றுவதுதான் வழக்கம், மாற்றாமல் விட்டது ஏதோ குறை என்பதுபோல ஒலிக்கிறது. ஓவியர் வரைந்தபடி இருக்கும் பக்கத்துக்கு ‘செய்யாதது’ என்று பெயர் வைக்கக் கூடாது. அதற்கென்று நேரான ஒரு சொல் வேண்டும்.

என் பரிந்துரை: வலமுதல். வலப்பக்கத்தில் தொடங்குவது. வலமுதல் பதிப்பு, வலமுதல் வாசிப்பு, வலமுதல் மொழிகள். கணினித் தமிழில் ‘வலமிருந்து இடம்’ என்று புழங்குகிறோம்; பொருள் சரி, ஆனால் அது ஒரு தொடர், அதை இன்னொரு பெயருக்கு முன்னால் ஒட்டவைக்க முடியாது. வலமுதல் ஒட்டும். அரபியிலும் எபிரேயத்திலும் மங்காவை மொழிபெயர்ப்பவருக்கு இந்தச் சிக்கலே எழாது என்பதை “அவையும் வலமுதல் மொழிகள்” என்று மூன்று சொல்லில் முடித்துவிடலாம்.

இதற்கு இணையாக ‘இடமுதல்’ என்றும் வைக்கலாமா என்று யோசித்தேன். இடம் என்றதும் ‘இடம், பொருள், ஏவல்’ முன்னால் வந்து நிற்கிறது. நமக்கு அது தேவையும் இல்லை. நாம் எப்போதும் இடமிருந்து படிப்பதால் அதைத் தனியாகப் பெயரிட்டுச் சொல்ல வேண்டிய கட்டம் அரிது.

நண்பரின் கட்டுரைக்கு வருகிறேன். டிராகன் பால் 1984 முதல் 1995 வரை 519 அத்தியாயங்கள், 42 தொகுதிகள் ஓடிய தொடர். பிரான்சில் கிளெனா பதிப்பகம் 1993இல் தொடங்கியபோது இடவலம் மாற்றியே போட்டது. இத்தாலியில் ஸ்டார் காமிக்ஸ் 1995இல் வலமுதலாக வெளியிட்டது. ஜெர்மனியில் கார்ல்சன் 1997இல் அதையே செய்தது, ஜப்பானியத் தரப்பு வற்புறுத்தியதால். அமெரிக்காவில் விஸ் 1998இல். அதுவரை மேற்கில் “நம் வாசகர் இதைப் படிக்க மாட்டார்” என்பதே பதிப்பாளர்களின் பதிலாக இருந்தது. பிள்ளைகள் இரண்டு பக்கத்தில் பழகிக்கொண்டார்கள். 2002இல் டோக்கியோபாப் பதிப்பகம் வலமுதல் பதிப்பையே விளம்பரமாக்கியது. திருப்பும் செலவும் மிச்சமாயிற்று. உங்கள் கட்டுரை உண்மையில் இடவல மாற்றத்திலிருந்து வலமுதலுக்கு மாறிய கதைதான். இரண்டு சொல்லும் இருந்தால் அந்தக் கதையைத் தெளிவாகச் சொல்லலாம்.

மூன்றாவது ஒரு வகையும் இருக்கிறது, இழையில் யாரும் அதைத் தொடவில்லை. சமுரா ஹிரோஆகியின் ‘அழியா வாள்’ 1996இல் டார்க் ஹார்ஸ் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. (‘அழியா வாள்’ என்பது நான் இப்போதைக்கு வைத்த பெயர், ஆங்கிலத் தலைப்பைப் பார்த்து.) அதன் நாயகன் பெயரே மன்ஜி. அவன் உடையில் பெரிதாக ஒரு மன்ஜி, ஜப்பானில் பௌத்தக் கோயிலைக் குறிக்கும் சுவஸ்திகா. பக்கத்தைத் திருப்பினால் அந்தக் கொக்கிகள் எதிர்ப்பக்கம் வளைந்து நாஜிகளின் சின்னமாகிவிடும். அதனால் படத்தைத் தொடாமல், கட்டங்களை ஒவ்வொன்றாக வெட்டி இடமிருந்து வலமாக மறுபடி அடுக்கினார்கள். வேலை கடுமை; எதிரும் புதிருமாகப் பார்க்க வேண்டிய இரண்டு பேர் சில பக்கங்களில் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இது இடவல மாற்றம் அல்ல, வலமுதலும் அல்ல. ‘மாற்றடுக்கு’ என்று ஒரு சொல் தோன்றுகிறது. முழு மனநிறைவு இல்லை. அச்சகத்திலோ பக்க வடிவமைப்பிலோ இருப்பவர்கள் கைவசம் வேறு சொல் வைத்திருந்தால் தாருங்கள்.

போகிற போக்கில் ஒன்று. நம் மொழிக்கு என்றாவது ஒரு மங்காவை முழுதாகக் கொண்டுவந்தால், திசையை விடப் பெரிய தலைவலி பேச்சுக் குமிழிதான். செங்குத்து எழுத்துக்காக வரைந்த குமிழி ஒடுங்கி நீண்டு இருக்கும். நேற்று ஒரு குமிழியை டிரேசிங் தாளில் எடுத்து, அதில் ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதிப் பார்த்தேன். நான்காக உடைத்தும் ‘டிருக்’ என்று ஒரு வரி நின்றது. ‘பார்க்கிறேன்’ என்று சுருக்கி, அதையும் இரண்டு வரியாக்கியபோதுதான் உள்ளே அடங்கிற்று. அதற்கு ஒரு தனி இழை போடலாம்.

மங்காவா, மாங்காவா என்ற பழைய சண்டையை இங்கே இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் எழுத்து ஜப்பானியத்தில் குறில், அதனால் நான் மங்கா என்றே எழுதுகிறேன்.

இடவல மாற்றம், வலமுதல் இரண்டையும் குழுமத்தின் சொற்பட்டியலில் சேர்க்க மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். மாற்றடுக்கு திறந்தே இருக்கட்டும்.

அன்புடன்.