மலேசியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: "நீங்க என்ன ஆளு?" என்று கேட்டால்

கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ வேலைக்கு வரும் நம்மவர்களில் சிலர் இங்கே சாதியே இல்லை என்கிறார்கள். சிலர் ஊரில் இருப்பது அப்படியே இருக்கிறது என்கிறார்கள். இரண்டுமே சரியல்ல.

அரசு ஏடுகளில் அதற்கு இடமில்லை. அடையாள அட்டையில் சாதி கிடையாது. சாதிச் சான்றிதழும் சாதிவாரி இட ஒதுக்கீடும் இல்லாத நாட்டில், பள்ளியிலோ அலுவலகத்திலோ அதைக் கேட்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

ஆனால், ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் பெரும்பாலும் தம் ஊரிலும் உறவிலுமே ஆட்களைத் திரட்டியதால், சாதியும் அவர்களோடு கப்பலேறியது. பல தோட்டங்களில் லயங்கள்கூட, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள்கூட, சாதி பார்த்தே ஒதுக்கப்பட்டன. 1929 இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது, அவர் எதிர்த்துப் பேச வேண்டியது இங்கும் ஏராளமாக இருந்தது. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் தாமான்கள் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்த பிறகு, பக்கத்து வீட்டில் யார் குடியிருப்பது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் தோட்ட எழுத்தரான கிராணியிடமும் கங்காணியிடமும் இல்லாமல் போயிற்று.

இன்று சாதி தங்கியிருப்பது முதன்மையாகத் திருமணத்தில்தான். தம் சாதியின் பெயரையே கல்யாணப் பேச்சு எழும்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்படும் இளையவர்கள் இங்கே உண்டு. பெற்றோர் அதுவரை நல்லெண்ணத்தால் மறைத்திருக்கலாம், ஆயினும் சரியாக அந்த நேரத்தில் எடுத்துச் சொல்வதால்தான் அது பிழைத்திருக்கிறது என்பது என் கணிப்பு. கோயில்களில் நிலைமை வேறு. பினாங்கு தண்ணீர்மலையில் நாட்டுக்கோட்டை நகரத்தார் நடத்தும் தண்டாயுதபாணி கோயிலின் வெள்ளி ரதம் தைப்பூசத்துக்குப் புறப்படும்போது, சீனர்கள் உட்பட எல்லோரும் வழிநெடுகத் தேங்காய் உடைக்கிறார்கள். யார் எவர் என்று கேட்பாரில்லை. வழிபடுவது வேறு, நிர்வாகத்தில் அமர்வது வேறு என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

வீடு பார்க்கப் போகும் இடத்தில் வயதானவர் யாராவது "நீங்க என்ன ஆளு?" என்று கேட்டால், ஊரையும் மாவட்டத்தையும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம், பெரும்பாலும் பேச்சு அத்தோடு வேறு பக்கம் திரும்பிவிடும். மறுபடியும் துருவினால், அந்த வீடு நமக்கு வேண்டாம். உள்ளூர்த் தமிழரிடம் நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடாதீர்கள்; அலுவலகத்தில் அது உங்கள் பெயரைக் கெடுக்கும்.

உண்மையில், புதிதாக வந்த நம்மிடையேதான் சாதி கூர்மையாக இருக்கிறது. அறை பகிர்வதற்கான வாட்ஸ்அப் குழுக்களில் "சைவம் மட்டும்" என்று வரும் விளம்பரம் சில வேளைகளில் சமையலைப் பற்றியது, சில வேளைகளில் திரை. எது எது என்பது தொலைபேசியில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன் பேசிவிடுங்கள்.