பாமினியில் போட்ட போல்ட் இன்டிசைனில் ஆங்கிலமாகிறது: எழுத்துரு மென்பொருள் உதவுமா?

உவர்மலைக்காரன்:
வணக்கம். திருகோணமலையில் டைப்செட்டிங் கடை வைத்திருக்கிறேன். நோட்டீஸ், கல்யாண காட், 31ஆம் நாள் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறுநூல்), இவைதான் பிழைப்பு. இப்போது ஒரு கும்பாபிஷேக மலர் கையில். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வேர்டில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்துத் தருகிறார்கள், இளசுகள் வாட்ஸ்அப்பில் யூனிகோடில் அனுப்புகிறார்கள். பாமினிக் கட்டுரையைப் பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளுக்குள் எடுத்தால் மற்றதெல்லாம் ஒழுங்காக வருகிறது; போல்ட் போட்ட தலைப்புகள் மட்டும் ரோஸ் நிறப் பின்னணியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடுகின்றன. அதே கோப்பு வேர்டில் அச்சொட்டாகத் தெரிகிறது! வாடிக்கையாளர்கள் பென்டிரைவில் கொண்டுவரும் எழுத்துருக்களையெல்லாம் நிறுவி நிறுவி ஃபொன்ட் ஃபோல்டர் சந்தைக்கடை மாதிரிக் கிடக்கிறது. பாமினியே பல கோப்பு. எழுத்துருக்களை ஒழுங்குபடுத்தும் நெக்ஸஸ்ஃபொன்ட், ஃபொன்ட்பேஸ் என்று ஏதாவது மென்பொருள் போட்டால் தீருமா?

கிண்ணியா பிரஸ்:
தீராது தம்பி. அந்த மென்பொருள்கள் இருக்கிற எழுத்துருவை ஒழுங்கு பண்ணும், இல்லாததை உண்டாக்காது. உங்களிடம் இருக்கும் பாமினியில் ரெகுலர், அதாவது சாதாரண கனம், மட்டும்தான் இருக்கும், பாருங்கள். வேர்டில் போல்ட் பொத்தானை அழுத்தினால் அது ரெகுலரையே தடிப்பாக்கிக் காட்டிவிடும். இன்டிசைனுக்கு முந்திய பேஜ்மேக்கர் காலத்திலும் இதே கதைதான். அதனால் யாருக்கும் உறைக்கவில்லை. இன்டிசைன் இப்படிப் போலித் தடிப்புப் போடாது. பாமினி போல்ட் என்று தனிக் கோப்பைத் தேடும், கிடைக்காவிட்டால் வேறு எழுத்துருவை வைத்துவிடும். பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கின்றன. பாமினி போனதும் உள்ளே இருந்த ஆங்கிலம் வெளியே வருகிறது.

தலைப்புக்கு ஒரு பாராகிராஃப் ஸ்டைல் (பந்தி முழுவதற்கும் பொருந்தும் வடிவ அமைப்பு) உண்டாக்குங்கள். பாமினி ரெகுலர், அதே நிறத்தில் 0.25 பொயின்ட் ஸ்ட்ரோக், அதாவது எழுத்தைச் சுற்றி ஓரக்கோடு. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு அந்த ஸ்டைலைக் கிளிக் பண்ணினால் வேர்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த போல்டும் கழன்றுவிடும். வரிக்கு நடுவே உள்ள போல்டுக்குக் கேரக்டர் ஸ்டைல் (சில எழுத்துகளுக்கு மட்டும் உள்ள அமைப்பு). கையால் ஒவ்வொரு சொல்லாகத் தடிப்பாக்கப் போகாதீர்கள், மலர் முடியாது.

மென்பொருள் வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். ஒரே பெயரில் கிடக்கும் பாமினிகளைப் பிடிக்க அது நல்லது. கோப்பின் பெயரை மாற்றினால் உள்ளே இருக்கும் எழுத்துருப் பெயர் மாறாது, அதனால் இரண்டும் மோதும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்குங்கள்.

நிலாவெளி டீச்சர்:
எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினால் என்ன? நோட்டோ செரிஃப் தமிழ் என்ற யூனிகோட் எழுத்துருவில் உண்மையான போல்டே இருக்கிறது. மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை 9 கனங்கள்.

கிண்ணியா பிரஸ்:
டீச்சர் சொல்வதுதான் சரியான வழி, நேரம் இருந்தால். ஆனால் பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் போடும்போது கட்டுரைக்குள் இருக்கும் ஆங்கிலப் பெயர்களும் பாமினி என்று நினைத்துத் தமிழ்க் குப்பையாகும். ஆங்கிலச் சொற்களை முதலில் வெட்டி வைத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் புரூஃப் பார்க்கிறவர் அழுவார். இன்னொன்று: யூனிகோட் தமிழுக்கு இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர் என்ற அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதையும் ஸ்டைலுக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

உவர்மலைக்காரன்:
நன்றி நானா. இந்த மலருக்குப் பாமினியும் ஸ்ட்ரோக்கும்தான். வாட்ஸ்அப் கட்டுரைகளைப் பாமினிக்கு மாற்றிக்கொள்கிறேன், கோயில்காரர் காத்திருக்கமாட்டார்கள். கொழும்பு அச்சகத்துக்கு இன்டிசைன் கோப்பை அப்படியே அனுப்பலாமா?

கிண்ணியா பிரஸ்:
இன்டிசைனிலேயே உள்ள பேக்கேஜ் வசதியால் கோப்பையும் எழுத்துருவையும் ஒன்றாகச் சேர்த்து அனுப்புங்கள். டாக்குமென்ட் ஃபொன்ட்ஸ் என்ற ஃபோல்டர் கூடவே போகும், அங்கே நிறுவாமலே இன்டிசைன் அதை எடுத்துக்கொள்ளும். பிடிஎஃப் ஒன்றும் சேர்த்து வையுங்கள்.