‘முன்னும் பின்னும் படி, பொருள் வந்துவிடும்’: இது மட்டும் போதுமா?

வியாசர்பாடி டீச்சர்:
மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். தெரியாத சொல் வந்தால் முன்னும் பின்னும் படித்துப் பொருளைப் பிடி என்றுதான் நானும் சொல்லி வந்தேன். போன வாரம் ஒரு பத்தியில், ஒரு ஊரில் தண்ணீர் ‘ஸ்கேர்ஸ்’ (scarce, அதாவது பற்றாக்குறை) ஆனதால் ஜனங்கள் கிளம்பிப் போனார்கள் என்று வந்தது. நன்றாகப் படிக்கிற பெண், ‘ஸ்கேர்’ (scare) என்றால் பயம்தானே என்று நினைத்து, தண்ணீருக்குப் பயந்து போனார்கள் என்று எழுதிவிட்டாள். 2023 மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து வெளியேறிய குடும்பம் அவளுடையது. தண்ணீர்ப் பஞ்சம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. இனி சொற்பட்டியல்தான் முதலில், ஊகம் அப்புறம்.

ராயபுரம் வாத்தியார்:
டீச்சர், இதற்காக ஊகிப்பதை ஒதுக்கக் கூடாது. வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐயெல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வில், வாசிப்புப் பகுதிக்கு 60 நிமிடத்தில் 40 கேள்வி, அகராதி கிடையாது. பட்டியலில் இல்லாத சொல் கட்டாயம் வரும், அப்போது பிள்ளை என்ன செய்யும்? அந்தப் பெண் சொல்லின் உருவத்தை முதலில் பார்த்ததுதான் வினை. மொழி கற்பித்தல் ஆய்வாளர்கள் கிளார்க், நேஷன் இருவரும் 1980-லேயே ஒரு வரிசை சொன்னார்கள்: அது பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்று பார், பக்கத்துச் சொற்களைப் பார், அடுத்த வரிகளைப் பார், பிறகு ஊகி. சொல்லைப் பிரித்துப் பார்ப்பது கடைசியில், சரிபார்க்க மட்டும். அந்தப் பத்தியில் அடுத்த வரி என்ன?

வியாசர்பாடி டீச்சர்:
‘கிணறுகள் வறண்டிருந்தன.’ ஆனால் வறண்டது என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் அவளுக்குத் தெரியாதே சார்!

காசிமேட்டுப் பையன்:
டீச்சர் சொல்வது எனக்கு நடந்திருக்கிறது. எங்கள் வீட்டில் ‘பாடு’ என்றால் கிடைத்த மீன். ‘இன்று நல்ல பாடு, வலை கனத்தது’ என்றால் யாருக்கும் புரியும். ‘இன்று கடலில் பெரும் பாடு’ என்று மட்டும் எழுதினால்? நான் நிறைய மீன் என்பேன், நீங்கள் கஷ்டம் என்பீர்கள். இரண்டும் அந்த வரியில் பொருந்தும். பக்கத்தில் வலை இல்லாவிட்டால் எந்த வரிசையும் உதவாது அண்ணே.

ராயபுரம் வாத்தியார்:
சரி தம்பி, அப்படிப்பட்ட வரியைக் கேள்வியாக வைப்பது கேள்வி எடுத்தவர் தப்பு. அதற்காகப் பிள்ளையைப் பட்டியலுக்குள் உட்கார வைக்க வேண்டாம்.

வியாசர்பாடி டீச்சர்:
ஹூ என்பவரும் அதே நேஷனும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், துணையில்லாமல் கதை படித்துப் புரிந்துகொள்ள நூற்றுக்குச் சுமார் 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்று வந்தது. ஐம்பதுக்கு ஒன்றுதான் தெரியாமல் இருக்கலாம். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வரியிலேயே மூன்று தெரியாது. எதை வைத்து எதை ஊகிப்பது?

ராயபுரம் வாத்தியார்:
அப்படியென்றால் பத்தியை எளிதாக்குங்கள் டீச்சர். ஐம்பதுக்கு ஒன்று மட்டும் தெரியாத பத்தியாக எடுத்து, அந்த ஒன்றை ஊகிக்கச் சொல்லுங்கள். பழகட்டும்.

வியாசர்பாடி டீச்சர்:
அதற்கு ஏழாம் வகுப்புப் புத்தகத்துக்குப் போக வேண்டும். போகிறேன். பட்டியலையும் விட மாட்டேன்.