பொடி பிராண்ட் பெயரில் ஒரு எழுத்தை இரட்டித்து இன்ஸ்டாவில் போலிக் கடை. முதலில் எதைச் செய்வது?

பொடிவகை
இட்லிப் பொடி, பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய். வீட்டிலிருந்து செய்து இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப்பில் விற்கிறோம். 2021 முதல் ஒரே பெயர்தான், நடுவில் ஒரு ‘ழ’ வரும் (பெயர் இங்கே வேண்டாம்). போன மாதம் கடைசி எழுத்தை இரட்டித்து இன்னொரு ஐடி முளைத்திருக்கிறது. எங்கள் போட்டோக்களையே போட்டு ஆர்டர் எடுக்கிறார்கள். உத்யம் (சிறுதொழில் பதிவு), எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு எண்) இரண்டும் எங்கள் பெயரில் இருக்கின்றன. டிரேட்மார்க் இல்லை. பதிய வேண்டியது லோகோவா, பெயரா? அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதானா?

கிண்டி ஏஜென்ட்
உத்யம், எஃப்எஸ்எஸ்ஏஐ, ஜிஎஸ்டி எதுவும் பெயருக்கு உரிமை தராது. ஒரே கடைப் பெயரில் பத்துப் பேர் உத்யம் வாங்கலாம்.

முதலில் பெயர், வேர்ட் மார்க்காக (படம் இல்லாமல் சொல்லுக்கே உரிமை). லோகோ பிறகு. லோகோவை மட்டும் பதிந்தால், எதிராளி வேறு படத்தோடு அதே பெயரைப் போடும்போது வாதம் இழுபடும். படிவம் டிஎம்-ஏ. தனிநபருக்கு ஆன்லைனில் ஒரு கிளாஸுக்கு (பொருள் வகைக்கு) ரூ.4,500. பார்ட்னர்ஷிப் என்றால் உத்யம் சான்றை இணைத்தால்தான் அந்தச் சலுகை, இல்லாவிட்டால் ரூ.9,000. பொடி கிளாஸ் 30-இல் வரும், ஊறுகாய் 29-இல். ஆக உங்களுக்கு இரண்டு கிளாஸ். பலர் 30-ஐ மட்டும் போட்டு ஊறுகாயை விட்டுவிடுகிறார்கள்.

போடுவதற்கு முன் ஐபி இந்தியா (அரசின் டிரேட்மார்க் பதிவு) தளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். ‘ழ’ இருப்பதால் ஒரு தேடல் போதாது: இசட்-எச், எல், எல்-எச் என்று எல்லா ஸ்பெல்லிங்கிலும், இரண்டு கிளாஸிலும் தேடுங்கள். பெயர் பொருளையே வர்ணித்தால் (‘சுத்தமான செக்கு’ மாதிரி) டிரேட்மார்க் சட்டத்தின் பிரிவு 9-இல் ஆட்சேபம் வரும். சாமி, புராணப் பெயர்களிலும் கவனம். ஊதுபத்திக்கு ‘ராமாயணம்’ என்ற பெயரைத் தனி உரிமையாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லிவிட்டது.

நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்: படிவத்தில் ‘இனிமேல் பயன்படுத்தப் போகிறேன்’ என்பதை டிக் செய்துவிடுவார்கள். நீங்கள் 2021-இன் முதல் பில், முதல் போஸ்ட், கூரியர் ரசீது எல்லாம் சேர்த்து பயன்பாட்டு அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) போடுங்கள். முந்திப் பயன்படுத்தியவருக்குப் பிரிவு 34 துணை நிற்கும். பிற்பாடு தேதியை மாற்றக் கேட்டால் எளிதில் விடமாட்டார்கள்.

விண்ணப்பத்தின் ஸ்டேட்டஸில் ‘அப்ஜெக்டட்’ என்றால் பரிசோதகரின் கேள்வி, அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள் பதில். ‘அப்போஸ்டு’ என்றால் வெளியாள் எதிர்ப்பு, நோட்டீஸ் கிடைத்த 2 மாதத்துக்குள் எதிர்வாதம். இரண்டில் எதைக் கோட்டைவிட்டாலும் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். டிரேட்மார்க் ஜர்னலில் (அரசு இதழில்) வந்தபின் எதிர்ப்புக்கு 4 மாதம். பதிவு கிடைத்தால் விண்ணப்பத் தேதியிலிருந்தே 10 வருடம். அதுவரை டிஎம் குறி போடலாம், வட்டத்துக்குள் ஆர் போடக் கூடாது.

விண்ணப்பம் பொதுவில் தெரியும் என்பதால் ‘வெளியீட்டுக் கட்டணம்’ என்று அரசு முத்திரை மாதிரி அச்சடித்த பில்லும் வரலாம். கட்டிவிடாதீர்கள்.

ரிப்போர்ட் ராணி
அந்தப் போலி ஐடி மீது புகார் போட டிரேட்மார்க் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. போட்டோ நீங்கள் எடுத்ததுதானே? அதற்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) எடுத்த நொடியிலிருந்தே உண்டு, பதிவு தேவையில்லை. இன்ஸ்டாவின் பதிப்புரிமைப் படிவத்தில் அவர்களுடைய ஒவ்வொரு போஸ்ட் லிங்க்கையும் தனித்தனியாக, பக்கத்திலேயே உங்கள் அசல் போஸ்ட் லிங்க்கையும் கொடுங்கள். வெறுமனே ப்ரொஃபைல் லிங்க்கைக் கொடுத்தால் ‘எந்தப் படம்?’ என்று திரும்பி வரும். போட்டோகிராஃபர் எடுத்த படம் என்றால் அவரிடம் எழுத்தில் உரிமை வாங்கிய பிறகுதான்.

ரிப்போர்ட் போடுவதற்கு முன்பே ஆதாரம் எடுங்கள், போட்டதும் ஐடியை அழித்துவிட்டு ஓடிவிடுவார்கள். யூஆர்எல்லும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட். ‘இந்தக் கணக்கு பற்றி’ பகுதியில் எந்த மாதம் சேர்ந்தது, எத்தனை தடவை பெயர் மாறியது என்று காட்டும், அதையும் எடுங்கள்.

பிறகு வேறு ஒருவர் பெயரில் 100 கிராம் பாக்கெட் ஒன்று ஆர்டர் செய்யுங்கள். வருகிற பாக்கெட்டைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். லேபிளில் தயாரிப்பாளர் முகவரியும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும் இருந்தாக வேண்டும். இருந்தால் வக்கீல் நோட்டீஸுக்கு முகவரி கிடைத்தது. இல்லாவிட்டால் உணவுப் பாதுகாப்புத் துறைக்கே தனிப் புகார் போகலாம். பணம் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பவில்லை என்று வாடிக்கையாளர் சொன்னால் அவரை உடனே 1930-க்கு (சைபர் மோசடி உதவி எண்) அழைக்கச் சொல்லுங்கள். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

பொடிவகை
மிக்க நன்றி மேடம், சார். இன்னொன்று: எங்கள் டாட் காம் டொமைன், வெப்சைட் செய்துகொடுத்த தம்பியின் கணக்கில்தான் இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமா?

டொமைன் மாமா
இன்றே மாற்றுங்கள். ரெஜிஸ்ட்ரார் (டொமைன் பதிந்துதரும் கம்பெனி) கணக்கு யாருடைய மெயிலில் இருக்கிறதோ, பெயர் நடைமுறையில் அவர் கையில்தான். அதே ரெஜிஸ்ட்ராரில் நீங்கள் ஒரு கணக்கு திறந்து, அவரை டொமைனை அதற்குத் தள்ளிவிடச் சொல்லுங்கள். வேறு கம்பெனிக்குக் கொண்டுபோக வேண்டுமானால் டொமைன் லாக்கை எடுத்துவிட்டு ஆத் கோடு (மாற்றத்துக்கான ரகசிய எண்) வாங்க வேண்டும். புதிதாகப் பதிந்து 60 நாள் ஆகாத டொமைனை அப்படி நகர்த்த முடியாது.

ஆட்டோ ரெனியூவல் போடுங்கள், காலாவதியான கார்டை மாற்ற மறக்காதீர்கள். டாட் காம் காலாவதியானால் அதிகபட்சம் 45 நாள் சலுகை, அதற்குப் பின் 30 நாள் மீட்புக் காலம் (கட்டணம் எகிறும்), பின் 5 நாளில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

டாட் இன்னையும், ‘ழ’வுக்கான இன்னொரு ஸ்பெல்லிங்கையும், அந்த இரட்டை எழுத்துப் பெயரையும் சேர்த்து வாங்கிப் போடுங்கள். டாட் காமுக்காக வைப்போவில் (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) வழக்கு போட ஒரு நடுவருக்கே 1,500 டாலர். டாட் இன்னுக்கு நிக்சியின் (டாட் இன்னை நிர்வகிக்கும் அமைப்பு) தனி நடைமுறை. அதில் கெட்ட எண்ணத்தோடு பதிந்தது, அல்லது பயன்படுத்தியது, ஒன்றை நிரூபித்தால் போதும். டாட் காமில் இரண்டையும் காட்ட வேண்டும்.

பின்னால் அமேசானில் பிராண்ட் ரெஜிஸ்ட்ரிக்குப் (அங்கே பிராண்டைப் பதிந்து பாதுகாக்கும் வசதி) போனால், சரிபார்ப்புக் கோடு டிரேட்மார்க் பதிவில் உள்ள தொடர்பு மெயிலுக்குத்தான் போகும். அங்கே ஏஜென்ட் மெயில் இருந்தால் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.