கவச உடை கழற்ற இடம் போதவில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி (பினாங்கு தாதி):
தொற்று நோயாளிகளை வைக்கும் எங்கள் தனிமை அறைக்கு வெளியே, உடை கழற்றும் இடத்தில் இரண்டு பேர் நின்றாலே தோள் இடிக்கும். நேற்று கவுனை உருட்டிக் கழற்றும்போது என் முழங்கை பின்னால் இருந்த புது மாஸ்க் பெட்டியில் பட்டுவிட்டது, பெட்டியையே தூக்கிப் போட வேண்டியதாயிற்று. குப்பைத் தொட்டி கதவுக்கு அந்தப் பக்கம். சுவரை இடிக்காமல் எதை மாற்றலாம்?

பதில் 1 (கோலாலம்பூர் ஐசியூ):
அக்கா, முதலில் அந்தப் பெட்டியை அங்கிருந்து எடுங்கள். உடுத்தும் இடமும் கழற்றும் இடமும் ஒன்றாக இருப்பதுதான் வினையே. மிதித்துத் திறக்கும் பெரிய தொட்டி கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், அதன் பக்கத்துச் சுவரில் சானிடைசர். கையுறை, கண்ணாடி, கவுன் எல்லாம் கழற்றி, வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் என்95 மாஸ்க்கைக் கழற்ற வேண்டும், அதனால் கதவுக்கு வெளியே இன்னொரு சானிடைசரும் தொட்டியும் கட்டாயம் வேண்டும்.

பதில் 2 (தொற்றுத் தடுப்புப் பிரிவு):
2014-இல் டல்லஸில் எபோலா நோயாளியைப் பார்த்த இரண்டு தாதியருக்கு அந்நோய் தொற்றியது. அதன்பின் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, எபோலா வார்டுகளில் கழற்றுவதைப் பயிற்சி பெற்ற ஒருவர் நின்று கவனிக்க வேண்டும் என்றது. அவர் நிற்கவும் இடம் வேண்டுமே! தரையில் டேப் ஒட்டி அழுக்குப் பக்கம், சுத்தப் பக்கம் பிரியுங்கள். ஆளுயரக் கண்ணாடி ஒன்று மாட்டுங்கள், முதுகு முடிச்சு தெரியும்.

பினாங்கு தாதி:
சரி தம்பி, பெட்டியை இன்றே மாற்றுகிறேன். டேப் நாளைக்கு.